உபுண்டுவில் ஒழுங்காக ஓடின சி புரோகிராம் வின்டோசில் பைல்களைக் குழப்புகிறது, ஆராவது பாருங்கோ

கல்வெட்டுப்பெட்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்ந்து போய்த்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பழைய கல்வெட்டுகளைச் சேர்த்து ஸ்கான் செய்து வைக்கிறோம். வெளியூர் ஆட்களுக்கு ஒரு விளக்கம்: கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். வம்சாவளி, ஊர்க்கதை, பழைய படங்கள் எல்லாம் அதற்குள் கிடக்கும். கறையான் தின்ன முதல் எடுத்து வைக்கவேணும் என்றுதான் இந்த வேலை.

இதற்காக சி மொழியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். ஒரு போல்டருக்குள் இருக்கும் ஜேபெக் படங்களை ஒரே பொதியாகக் கட்டும், பக்கத்தில் ஒரு அட்டவணைப் பைலும் எழுதும். எந்தப் படம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, என்ன நீளம் என்பதுதான் அட்டவணை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின காலத்தில் எழுதினது. ஆகவே நேரே பைலின் மேல் எழுதாமல், ஒரு தற்காலிகப் பைலில் எழுதி முடித்துவிட்டு ரீநேம் செய்து பழையதின் இடத்தில் வைக்கிற மாதிரித்தான் செய்தேன். இடையில் கரண்ட் போனாலும் பழையதாவது மிஞ்சும். உபுண்டு லினக்சில் இதுவரை ஒரு கரைச்சலும் இல்லை.

இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் நிலையத்துக்கு ஒரு கொம்பியூட்டர் அன்பளிப்புச் செய்திருக்கிறார், வின்டோஸ் 10. அதைப் பாவிக்கப் போகிறவர்களுக்கு லினக்ஸ் பழக்கமில்லை. மின்-ஜிடபிள்யூவில் (வின்டோசுக்கான ஜிசிசி கொம்பைலர்) கொம்பைல் செய்தேன், போல்டர் உண்டாக்கும் எம்கேடிர் மட்டும் ஒரு ஆர்கியூமென்ட் கூட என்று முறைத்தது, திருத்தினேன், ஒரு வோர்னிங்கும் இல்லாமல் கொம்பைல் ஆனது. சந்தோசம் அவ்வளவோடு சரி. உபுண்டுவில் கட்டின பொதியை வின்டோசில் திறந்தால் ஒரு படத்திலும் சில நூறு பைட்டுக்கு மேல் வாசிக்காது, பைல் முடிந்துவிட்டது என்கிறது. பைல் 180 எம்பி! தமிழ்ப் பெயர் வைத்த போல்டரைக் கொடுத்தால் 'இன்வலிட் ஆர்கியூமென்ட்'. ஒரு பொதியை முதல் தடவை சேமித்தால் சரி, இன்னும் இரண்டு பக்கம் சேர்த்துத் திரும்பச் சேமித்தால் ரீநேம் 'பைல் எக்சிஸ்ட்ஸ்' என்று விழுகிறது. எல்லாவற்றிலும் பெரிய பகிடி லொக் பைல்: ஒரு எரரும் வராது, ஆனால் பைலைப் பார்த்தால் 0 பைட், பெயரிலும் பாதியைக் காணோம்.

கோட் ஒன்றுதான், கொம்பைலரும் ஜிசிசி குடும்பம்தான். பிறகு ஏன்?


பனங்கூடல் எழுதியது:

பைல் திறக்கும் எஃப்ஓப்பனில் வாசிக்கிறதுக்கு 'ஆர்' என்று இருக்கும் இடமெல்லாம் 'ஆர்பி', எழுதுகிறதுக்கு 'டபிள்யூ' என்று இருக்கும் இடமெல்லாம் 'டபிள்யூபி' ஆக்குங்கோ. ரீநேமுக்கு முதல் பழைய பைலை ரிமூவ் பண்ணுங்கோ. முக்கால்வாசிப் பிரச்சினை அதோடு முடிந்தது. அலுப்பாக இருந்தால் பேசாமல் டபிள்யூஎஸ்எல் (வின்டோசுக்குள் ஓடும் லினக்ஸ்) போட்டு உபுண்டுப் புரோகிராமையே ஓடவிடுங்கோ.


ரீட்மீ_அக்கா எழுதியது:

பனங்கூடல் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத் தயவுசெய்து செய்யவேண்டாம் தம்பி, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த 'பி' எழுத்து. லினக்சில் அது இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அதனால்தான் நாங்கள் எல்லாரும் போடாமல் பழகிவிட்டோம். வின்டோசில் 'பி' இல்லாமல் திறந்தால் டெக்ஸ்ட் மோட். வாசிக்கும்போது 13, 10 என்று சேர்ந்து வரும் இரண்டு பைட்டையும் ஒரு 10 ஆக்கிவிடும், எழுதும்போது ஒவ்வொரு 10க்கு முன்னாலும் ஒரு 13ஐச் செருகிவிடும். அது மட்டுமில்லை, வாசிக்கும்போது 26 என்ற பைட்டைக் கண்டால் பைல் அதோடு முடிந்தது என்று நின்றுவிடும். அதுதான் கன்ட்ரோல் இசட். டொசுக்கு முந்தின சிபி/எம் என்ற ஓபரேட்டிங் சிஸ்டத்தின் காலத்துச் சொத்து: அந்தச் சிஸ்டம் பைலின் நீளத்தை 128 பைட் துண்டுகளாகத்தான் கணக்கு வைத்தது, ஆகவே எழுத்து உண்மையில் எங்கே முடிகிறது என்று காட்ட உள்ளேயே ஒரு குறி தேவைப்பட்டது. டொஸ் அதை எடுத்தது, வின்டோஸ் இன்னும் சுமக்கிறது. உங்கள் ஜேபெக்கில் சில நூறு பைட்டிலேயே நிற்பதும் தற்செயல் இல்லை, படத்தை அமுக்க அதன் தலைப்பில் வழமையாகப் போடும் ஹஃப்மன் அட்டவணைக்குள்ளேயே ஒரு 26 இருக்கு, படம் தொடங்கமுதலே அதில் தட்டுப்பட்டுவிடும்.

பிஎன்ஜி என்ற இன்னொரு வகைப் படப் பைல் ஒன்றின் முதல் எட்டு பைட்டைப் பாருங்கோ: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. கடைசி நாலும் ஏன் அப்படி வைத்தார்கள் என்று இப்போது விளங்கும். இப்படி ஆராவது டெக்ஸ்ட் மோடில் கையை வைத்தால் தலைப்பிலேயே பிடிபடட்டும் என்றுதான். ஜேபெக்கில் அந்தப் பொறி இல்லை.

எஃப்ஓப்பன் மட்டுமில்லை, வெறும் ஓப்பன் பாவித்திருந்தால் அதற்கும் 'பி'க்குப் பதில் ஓ_பைனரி என்ற கொடியைக் கொடுக்கவேணும். லினக்சில் அந்தப் பெயரே இல்லை என்பதால் 'இல்லாவிட்டால் 0' என்று மேலே ஒரு டிஃபைன் போட்டால் இரண்டு பக்கமும் கொம்பைல் ஆகும்.

இப்போது ரீநேம். லினக்சில் போகிற இடத்தில் பழைய பைல் இருந்தாலும் ரீநேம் அதைத் தள்ளிவிட்டு ஒரே அடியில் இடத்தைப் பிடிக்கும், நடுவில் 'பைலே இல்லை' என்ற ஒரு கணம் வராது. வின்டோசின் சி ரீநேம் அப்படி இல்லை, அங்கே ஒரு பைல் இருந்தால் மாட்டேன் என்கிறது. சரி, பழையதை அழித்துவிட்டு ரீநேம் செய்தால் எரர் போய்விடும், உண்மைதான். ஆனால் அழித்ததற்கும் ரீநேமுக்கும் நடுவில் கரண்ட் போனால்? அந்தப் பெயரில் ஒரு பைலும் இல்லை. புதியது தற்காலிகப் பெயரில் எங்கேயோ கிடக்கும், அதுவும் டிஸ்குக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. தம்பி இந்தச் சுற்றுவழியில் எழுதினதே கரண்டுக்குப் பயந்துதானே. அந்தப் பயத்தை வின்டோசுக்கு வந்தவுடன் விட்டுவிடுவதா?

மூவ்ஃபைல்எக்ஸ் என்ற வின்டோஸ் ஃபங்ஷனுக்கு 'ரிபிளேஸ் எக்சிஸ்டிங்' என்ற கொடியைக் கொடுத்துக் கூப்பிடுங்கோ, பழையதின் மேல் போடும். அதற்கு முதல் எஃப்ஃப்ளஷ், பிறகு எழுதினதை டிஸ்குக்கே தள்ளும் _கொமிட் (லினக்சின் எஃப்சிங்குக்குப் பதில்), பிறகு பைலை மூடும் எஃப்குளோஸ். இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

டபிள்யூஎஸ்எல் யோசனை எங்களுக்குச் சரி. நிலையத்தில் இருக்கும் ஐயாவுக்கு ஒரு ஐக்கனை இரண்டு தரம் அமத்தத் தெரியும், அதற்கு மேல் கேட்கக்கூடாது.


வல்லைவெளி எழுதியது:

அக்கா விட்ட இரண்டையும் நான் எடுக்கிறேன்.

லொக் பைல்: பெயருக்குள் நேரம் வைத்திருக்கிறீர்கள், சரிதானே? 'லொக்-10:45.டிஎக்ஸ்டி' மாதிரி? வின்டோசில் பைல் பெயருக்குள் முக்காற்புள்ளி வரக்கூடாது, ஆனால் என்டிஎஃப்எஸ் (வின்டோஸ் வழமையாகப் பாவிக்கும் பைல் முறை) டிஸ்கில் அது பிழை இல்லை, வேறொரு அர்த்தம். 'லொக்-10' என்ற பைலுக்குள் '45.டிஎக்ஸ்டி' என்ற ஒரு மறைவான ஓடை திறக்கச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். எழுதினதெல்லாம் அந்த ஓடைக்குள் போகும், வெளியே தெரியும் பைல் 0 பைட். ஒன்றும் தொலையவில்லை. கொமாண்ட் பெட்டியில் டிர் அடித்துப் பக்கத்தில் /ஆர் போட்டுப் பாருங்கோ, ஓடைகளும் அவற்றின் நீளமும் வரிசையாக வரும். செக்கனும் சேர்த்து இரண்டு முக்காற்புள்ளி வைத்திருந்தால் எரராவது வந்திருக்கும், ஒன்றோடு நிறுத்தினதால்தான் இப்படி அமசடக்காகப் போனது. முக்காற்புள்ளிக்குப் பதில் ஒரு கோடு போடுங்கோ. கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள் குறி இவையும் ஆகாது. 'ஆக்ஸ்', 'கொன்', 'நல்' மாதிரிப் பெயர்களும் வேண்டாம், பின்னால் புள்ளி வைத்து எக்ஸ்டென்ஷன் போட்டாலும் கரைச்சல்தான்.

இனித் தமிழ்ப் பெயர். இதில் நான் ஒரு வருடம் அடிபட்டவன், ஆகவே கொஞ்சம் நீட்டுவேன். வின்டோசுக்குள்ளே பைல் பெயர் எல்லாம் 16 பிட் எழுத்துகள். சி-யின் எஃப்ஓப்பன், ஓப்பன்டிர் இரண்டும் அந்த மெஷினின் பழைய கோட் பக்கத்தின் (எந்த பைட் எந்த எழுத்து என்ற அட்டவணை) வழியாகத்தான் போகும், எங்கள் ஆட்களின் மெஷினில் அது பெரும்பாலும் 1252. அதற்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. அரபுக்கு, தாய்லாந்துக் காரருக்கு எல்லாம் ஆளுக்கொரு பழைய கோட் பக்கம் இருந்தது, தமிழுக்கு வின்டோஸ் அப்படி ஒன்று வைக்கவே இல்லை, யூனிகோட் மட்டும்தான். ஆகவே 'ரீஜன் செட்டிங்கைத் தமிழாக்கிப் பார்' என்று ஆராவது சொன்னால் கேட்கவேண்டாம், அது இந்த விசயத்தில் உதவாது.

இரண்டு விதமாகக் கெடும், இரண்டையும் கண்ணால் பிரித்துப் பார்க்கலாம். பெயர் வின்டோசிடமிருந்து உங்களிடம் வரும்போது, அதாவது போல்டரைப் பட்டியல் எடுக்கும்போது, ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாக மாறி வரும். எழுத்து அங்கேயே செத்துவிட்டது, திருப்பி எடுக்க வழியில்லை. கேள்விக்குறி பைல் பெயரில் ஆகாது என்பதால் அதை எஃப்ஓப்பனுக்குக் கொடுத்தால் உங்களுக்கு வந்த 'இன்வலிட் ஆர்கியூமென்ட்'. மறுபக்கம், நீங்கள் யூடிஎஃப்-8 இல் (யூனிகோட் எழுத்தைப் பைட்டுகளாக எழுதும் முறை) ஒரு தமிழ்ப் பெயரைக் கொடுத்துப் புதிதாகப் பைல் உண்டாக்கினால் எரர் வராது, ஆனால் எக்ஸ்புளோரரில் பார்த்தால் தலையில் கீறு விழுந்த ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் நிற்கும் ஆர் எழுத்தும் மாறி மாறி வரும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 இல் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் 224, அதுதான் அந்தக் கீறு விழுந்த ஏ. இதில் ஆபத்து என்னவென்றால் அதே புரோகிராம் அதே பிழையான பெயரில் திரும்ப வாசித்துவிடும், உங்கள் டெஸ்ட் எல்லாம் பாஸ். வேறொரு ஆள் எக்ஸ்புளோரரைத் திறக்கும் மட்டும் தெரியாது.

வழி இரண்டு. வின்டோஸ் 10, 1903 பதிப்புக்குப் பிறகு என்றால் புரோகிராமோடு சேரும் மேனிஃபெஸ்ட் என்ற விபரக் குறிப்பில் 'அக்டிவ் கோட் பேஜ்' என்பதை யூடிஎஃப்-8 என்று எழுதிச் சேர்க்கலாம், கோட்டில் கை வைக்கத் தேவையில்லை. அதற்குப் பழைய வின்டோசிலும் ஓடவேணும் என்றால் ஒரு சின்ன உறை ஃபங்ஷன் எழுதி, உள்ளே யூடிஎஃப்-8ஐ 16 பிட் எழுத்தாக மாற்றி _டபிள்யூஎஃப்ஓப்பனைக் கூப்பிடுங்கோ. போல்டருக்கு _டபிள்யூஓப்பன்டிர். மெயினுக்கு வரும் ஆர்கியூமென்டும் அதே நோய்தான், அதை மறந்துவிட்டு மற்றதை எல்லாம் திருத்தினவர்களைக் கண்டிருக்கிறேன் (ஒருவர் நான்). நான் உறை எழுதும் கட்சி. கறுப்புக் கொமாண்ட் பெட்டியில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துருவின் குறை, பைலோடு சம்பந்தமில்லை, அதைப் பார்த்து மிரளவேண்டாம்.

ஒன்றில் மட்டும் வின்டோஸ் எங்களுக்குத் தாராளம். லினக்சின் இஎக்ஸ்டி4 பைல் முறையில் ஒரு பெயருக்கு 255 பைட், தமிழில் 85 எழுத்துக்குறிதான் வரும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. என்டிஎஃப்எஸ்சில் 255 எழுத்துக்குறியும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் முழுப் பாதையும் சேர்ந்து 260க்குள் நிற்கவேணும் என்ற பழைய கட்டுப்பாடு இருக்கு. கல்வெட்டுத் தலைப்பை முழுக்கப் பெயராக வைக்கிற ஆளென்றால் கவனம்.


கல்வெட்டுப்பெட்டி எழுதியது:

அக்கா, அண்ணை, இரண்டு பேருக்கும் பெரிய உபகாரம். டிர் /ஆர் அடித்தேன், என் லொக் எல்லாம் அப்படியே ஓடைக்குள் ஒளிந்து கிடக்கு, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆனால் இப்போதுதான் ஒரு விசயம் தெரியவந்து நெஞ்சு இடிக்குது. நான் திருத்த முதலே நிலையத்தில் ஒரு தம்பி வின்டோஸ் மெஷினில் 58 கல்வெட்டுகளைக் கட்டி முடித்துவிட்டான். தமிழ்ப் பெயர் எடுபடாததால் போல்டருக்கு ஆங்கிலப் பெயர் வைத்துக் கட்டினானாம். கட்டின பிறகு இடம் போதாது என்று பென்டிரைவில் இருந்த படங்களை அழித்துவிட்டான். அதில் பாதிப் புத்தகம் இரவல் வாங்கினது, திருப்பிக் கொடுத்தாயிற்று. பொதி எல்லாம் 'டபிள்யூ' மோடில் எழுதினவை. போனது போனதுதானா?


ரீட்மீ_அக்கா எழுதியது:

ஒரு பைலையும் தொடவேண்டாம். முதல் வேலை, 58ஐயும் வேறொரு டிஸ்குக்குக் கொப்பி எடுங்கோ. பிறகு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ: பொதி எழுதும் இடம் 'டபிள்யூ', விளங்குது. படத்தை வாசிக்கும் இடம் என்ன மோட்? அதுவும் வெறும் 'ஆர்' என்றால் 26இல் நின்றிருக்கும், பொதிக்குள் படமே போயிருக்காது. 'ஆர்பி' என்றால் கதை வேறு.


கல்வெட்டுப்பெட்டி எழுதியது:

இப்போதுதான் பார்த்தேன். 'ஆர்பி'! அந்த ஃபங்ஷனை என் பழைய கம்பஸ் அசைன்மென்ட் ஒன்றிலிருந்து அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறேன், அதில் 'பி' இருந்திருக்கு. அட்டவணையில் இருக்கும் இடமும் பைலில் நிற்கும் இடத்தைச் சொல்லும் எஃப்டெல்லைக் கேட்டு எழுதினதில்லை, வாசித்த நீளங்களைக் கூட்டிக் கூட்டி எழுதினது.


ரீட்மீ_அக்கா எழுதியது:

அப்ப தப்பினீர்கள். டெக்ஸ்ட் மோடில் எழுதும்போது நடப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு 10க்கு முன்னாலும் ஒரு 13. வேறு ஒரு பைட்டும் மாறாது, 26ஐயும் தொடாது. முதலிலேயே 13, 10 என்று இருந்தது 13, 13, 10 ஆகியிருக்கும். ஆகவே 10க்கு நேர் முன்னால் நிற்கும் ஒரேயொரு 13ஐ, ஒன்றை மட்டும், எடுத்துவிட்டால் பழையது பைட்டுக்குப் பைட் திரும்பி வரும். இது 'கிட்டத்தட்ட' இல்லை, முழுதாக வரும்.

பத்து வரிப் புரோகிராம். ஒரு பைட் வாசி, அது 13 என்றால் அடுத்ததை எட்டிப் பார், அடுத்தது 10 என்றால் 13ஐ எழுதாதே, இல்லையென்றால் எழுது. இதை 'ஆர்பி', 'டபிள்யூபி' இல் திறக்க மறந்தால் நான் பொறுப்பில்லை! உபுண்டுவிலேயே செய்யுங்கோ, அங்கே மறந்தாலும் ஒன்றும் ஆகாது.

சரிபார்ப்பதும் லேசு. திருத்தின பொதியின் நீளம் அட்டவணையில் இருக்கும் நீளங்களின் கூட்டுத்தொகைக்குச் சரியாக வரவேணும். ஒவ்வொரு படமும் தொடங்கும் இடத்தில் 255, 216 இருக்கவேணும், முடிவில் 255, 217. கெட்ட பொதி எவ்வளவு பெருத்திருக்கும் என்றும் பாருங்கோ: அமுக்கின படத்தில் ஏறக்குறைய 256 பைட்டுக்கு ஒன்று 10 ஆக வரும், அப்படியென்றால் 1 எம்பிக்கு 4000 பைட் அளவில் கூடியிருக்கவேணும். அட்டவணை டெக்ஸ்ட் பைல்தானே, அதில் கூடின 13ஐ வரியைப் பிரித்து வாசிக்கும் எஸ்ஸ்கான்எஃப் வெற்றிடமாகக் கடந்துவிடும்.


பனங்கூடல் எழுதியது:

ரிமூவ் பண்ணச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் அக்கா. நான் கரண்டைப் பற்றி யோசிக்கவில்லை, எங்கள் ஒபிசில் யூபிஎஸ் இருக்கு, அந்தத் திமிர்.

ஒன்று சொல்லலாம், மின்-ஜிடபிள்யூவில் _எஃப்மோட் என்ற ஒரு மாறியை ஓ_பைனரி ஆக்கினால் புரோகிராம் முழுக்கவே பைனரி ஆகும், நூறு இடத்தில் 'பி' தேடித் திரியத் தேவையில்லை.


வல்லைவெளி எழுதியது:

அது வேலை செய்யும், ஆனால் அவசரத்துக்கு மட்டும். நாளைக்கு இன்னொருவர் அந்த ஃபங்ஷனை வேறு புரோகிராமுக்குத் தூக்கிக்கொண்டு போனால் மாறி கூட வராது. தம்பியின் 'ஆர்பி' கம்பஸ் அசைன்மென்டிலிருந்து வந்து காப்பாற்றினது எதனால்? எழுத்தோடேயே ஒட்டியிருந்ததால்.


கல்வெட்டுப்பெட்டி எழுதியது:

58க்கு 57 முழுதாக வந்துவிட்டது! கூட்டுத்தொகை ஒரு பைட் பிசகவில்லை. 58ஆவதில் கடைசிப் படத்தின் முடிவில் 255, 217 இல்லை. விசாரித்தால் அதைக் கட்டிக்கொண்டிருக்கும்போது தம்பி மெஷினை நிப்பாட்டினானாம். அந்தப் புத்தகம் இன்னும் அலுமாரியில்தான் இருக்கு, திரும்ப ஸ்கான் பண்ணலாம்.

மூவ்ஃபைல்எக்சும் போட்டாயிற்று. ஆனால் பத்துத் தரத்துக்கு ஒருதரம் 'பெர்மிஷன் டினைட்' வருகிறது. அட்மினாக ஓடவிட்டும் அதேதான்.


ரீட்மீ_அக்கா எழுதியது:

பெர்மிஷன் என்று சொல்வதை நம்பவேண்டாம். பெரும்பாலும் அந்தப் பைலை வேறு ஆரோ திறந்து வைத்திருப்பதுதான் காரணம். லினக்சில் ஒரு பைலைத் திறந்து வைத்தபடியே அதன் பெயரை மாற்றலாம், அழிக்கலாம், திறந்தவனுக்குப் பழையது தொடர்ந்து தெரியும். வின்டோசில் எஃப்ஓப்பன் திறந்த பைலை ஆரும் அழிக்கவோ பெயர் மாற்றவோ விடாது. மைக்ரோசொப்ட் இலவசமாகக் கொடுக்கும் புரொசஸ் மொனிட்டரை எடுத்து, உங்கள் பொதியின் பாதையை ஃபில்டரில் போட்டு, எரர் வரும் வரை ஓடவிடுங்கோ. அந்த நேரத்தில் வேறு ஆர் அந்தப் பைலைத் திறந்து வைத்திருக்கிறார் என்று பெயரோடு வரும். ஒன்றில் நீங்களே, இல்லாவிட்டால் அன்டிவைரஸ்.


கல்வெட்டுப்பெட்டி எழுதியது:

இரண்டும்தான் அக்கா. படம் காட்டும் பகுதி அட்டவணையைத் திறந்துவிட்டு மூடாமலே இருந்திருக்கு, உபுண்டுவில் இத்தனை நாள் அது தெரியவே இல்லை. அதை மூடினேன். மிச்சம் இருந்தது அன்டிவைரஸ், புதிதாக எழுதின பைலை ஒரு கணம் பிடித்துப் பார்க்கிறது. 100 மில்லிசெக்கன் பொறுத்து ஐந்து தரம் முயற்சிக்கிற மாதிரிச் செய்தேன், நேற்றுப் பின்னேரத்திலிருந்து ஒரு எரரும் இல்லை. தமிழ்ப் பெயருக்கு வல்லைவெளி அண்ணை சொன்ன உறைதான் போட்டேன்.

தம்பி நாளைக்கு மிச்சக் கல்வெட்டுகளோடு வருகிறானாம். பென்டிரைவில் ஒன்றையும் அழிக்கக்கூடாது என்று மெஷினில் ஒரு துண்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.